மேடையை விட்டு இறங்க மனம் வராதது ஏன்? ‘வீரர் அடையாளம்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

வயது நாற்பதை நெருங்கிய பின்னும் களத்தை விடாமல், தோல்விக்கு மேல் தோல்வி கண்டும் ‘இன்னும் ஒரே ஒரு போட்டி’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் முன்னாள் சாம்பியன்களைப் பார்க்கும்போது, நாம் வழக்கமாக இரண்டு காரணங்களில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒன்று பணத்தாசை, மற்றொன்று புகழ் போதை. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், மூன்று தலைமுறைக்குப் போதுமான சொத்துச் சேர்த்தவர்களும் களத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். பேட்டி என்றாலே ஒதுங்கிப்போகும் கூச்ச சுபாவம் கொண்டவர்களும் திரும்பி வந்திருக்கிறார்கள். எனவே இந்த இரண்டு காரணங்களுக்கும் அடியில் வேறொன்றும் இருந்தாக வேண்டும். விளையாட்டு உளவியலில் அதற்கு ‘வீரர் அடையாளம்’ என்று பெயர். இந்தக் கருத்தைப் புதிதாக அறிய விரும்புவோருக்கு, குத்துச்சண்டை வீரர் முகமது அலி களத்தில் இருந்த கடைசி ஐந்து ஆண்டுகளைப் போல நன்றாக விளக்கும் உதாரணம் வேறில்லை என்பது என் எண்ணம். அந்த ஆண்டுகளில் அவரைச் சுற்றி நடந்தவை அத்தனை விரிவாகப் பதிவாகியிருக்கின்றன.

முதலில் கருத்தைப் பார்த்துவிடலாம். ஒருவர் தம்மை எந்த அளவுக்கு ஒரு விளையாட்டு வீரராகவே கருதுகிறார், அந்த ஒரு பாத்திரத்தின் மீது தம் சுயமதிப்பில் எவ்வளவு பங்கை ஏற்றி வைத்திருக்கிறார் என்பதே வீரர் அடையாளம் ஆகும். பிரிட்டன் புரூவர், ஜூடி வான் ரால்டி, டார்வின் லிண்டர் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 1993இல் இதை அளப்பதற்கு ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். பத்துக் கூற்றுகள் கொண்ட எளிய வினாப்பட்டியல் அது. ‘என் நண்பர்களில் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்கள்’, ‘என் வாழ்க்கையில் மிக முக்கியமான பகுதி விளையாட்டே’, ‘காயத்தால் போட்டியிட முடியாமல் போனால் நான் மிகவும் மனம் உடைந்துபோவேன்’ என்ற போக்கில் அந்தக் கூற்றுகள் அமைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண் கொடுத்துத் தம் உடன்பாட்டை வீரர் தெரிவிக்க வேண்டும். கூட்டுத்தொகை ஏற ஏற, அவருடைய சுயம் விளையாட்டோடு அந்த அளவுக்குப் பின்னிக்கிடக்கிறது என்று பொருள்.

உயர்ந்த மதிப்பெண்ணை நோய்க்குறியாக எண்ணிவிடக் கூடாது. உலகத் தரத்தில் விளையாட விரும்பும் ஒருவருக்கு அது பெரும்பாலும் பலமாகவே அமைகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஓடுவதற்கும், பிடித்த உணவை ஒதுக்குவதற்கும், வலியைப் பொறுத்துக்கொள்வதற்கும் அது காரணம் கொடுக்கிறது. அதே பலம், விளையாட்டு முடியும் நாளில் பலவீனமாக மாறுகிறது. களத்தில் ஜெயிக்க உதவிய மனநிலையே களத்தை விட்டு வெளியேற விடாமல் தடுக்கிறது என்ற முரண்தான் இந்தக் கருத்தின் மையம்.

இந்த அடையாளம் மிக இளம் வயதிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. 1954இல், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் காசியஸ் கிளேயின் மிதிவண்டி திருட்டுப்போனது. திருடியவனை உதைக்கப்போவதாகச் சொன்ன அந்தச் சிறுவனிடம், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்று அறிவுரை சொல்லித் தம் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்தவர் ஜோ மார்ட்டின் என்ற காவலர். பதினெட்டு வயதில் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம், இருபத்திரண்டு வயதில் சன்னி லிஸ்டனை வீழ்த்தி உலகப் பட்டம் என்று அந்தச் சிறுவன் வளர்ந்து முகமது அலி ஆனார். முப்பத்தெட்டு வயதில் அவர் கடைசி முறையாக உலகப் பட்டத்துக்குச் சண்டையிட்டபோது, அவருடைய வாழ்நாளில் இருபத்தாறு ஆண்டுகள் கையுறையோடு கழிந்திருந்தன. வேறு தொழிலில் இருப்பவர்கள் முப்பத்தெட்டு வயதில் மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள். குத்துச்சண்டை வீரருக்கு அதுதான் பணி ஓய்வு வயது, அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய வயது என்றும் சொல்லலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அலி வெறும் குத்துச்சண்டை வீரரா? மதம் மாறிப் பெயரை மாற்றிக்கொண்டவர். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 1967இல் பட்டத்தையும் உரிமத்தையும் இழந்தவர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 1971இல் விடுதலை பெற்றவர். மேடைக்கு வெளியே அவருக்கு இருந்த அளவுக்குப் பெரிய வாழ்க்கை வேறு எந்த வீரருக்கும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவராலேயே விட முடியவில்லை என்பதுதான் அவருடைய கதையை இந்த விளக்கத்துக்கு ஏற்றதாக்குகிறது. அந்தத் தடை அவரிடமிருந்து ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகளைப் பறித்தது. இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை, கால்கள் மிக வேகமாக இயங்கியிருக்க வேண்டிய காலம் அது. தம்மிடமிருந்து எடுக்கப்பட்டதைத் திரும்பப் பெற வேண்டும் என்ற எண்ணம் ஒருவரிடம் இருந்தால், வயது சொல்லும் கணக்கை அவர் எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

இனி உடலின் பக்கம் வருவோம். வயது ஏறும்போது தசைகளில் உள்ள வேக இழைகள் முதலில் சுருங்குகின்றன. ஆகவே ஒருவர் எவ்வளவு எடையைத் தூக்குகிறார் என்பதைவிட எவ்வளவு விரைவாக விசையை வெளிப்படுத்துகிறார் என்பதே முன்னதாகக் குறைகிறது. அடிபட்ட உடல் தேறுவதற்கு அதிக நாட்கள் எடுக்கும். கண்ணில் பட்டதற்குக் கை எதிர்வினை ஆற்றும் நேரம் சிறிது சிறிதாக நீளும். இவை ஒரே நாளில் நிகழ்வதில்லை என்பதுதான் சிக்கல். சரிவு மெதுவாக வருகிறது. நடுநடுவே நல்ல நாட்களும் வருகின்றன. அந்த நல்ல நாள்தான் உண்மையான தாம் என்றும், மற்ற நாட்கள் தூக்கமின்மையாலோ சளியாலோ நேர்ந்த விலக்குகள் என்றும் வீரர் கணக்கிட்டுக்கொள்கிறார். போதாக்குறைக்கு, அனுபவம் சரிவை மறைத்துவிடுகிறது. கால் போன இடத்தைத் தந்திரம் நிரப்புகிறது.

1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் நடந்தது அதுதான். முப்பத்திரண்டு வயதான அலி, தம்மைவிட ஏழு வயது இளையவரும் மிகப் பலசாலியுமான ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு எதிராகப் பழையபடி ஆடி ஓடாமல், மேடையின் கயிற்றில் சாய்ந்து நின்று, ஃபோர்மேனைக் குத்தவிட்டுக் களைப்படையச் செய்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். உலகமே மெச்சிய தந்திரம் அது. ஆனால் அதன் விலை, அத்தனை குத்துகளையும் கைகளிலும் விலாவிலும் தலையிலும் வாங்கிக்கொண்டதுதான். அடி வாங்கிக்கொண்டே ஜெயிக்க முடியும் என்று தெரிந்துகொண்ட ஒரு வீரர், அடியைத் தவிர்க்க முடியாமல் போவதை ஓய்வுக்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ள மாட்டார் அல்லவா? அடுத்த ஆண்டு மணிலாவில் ஜோ ஃப்ரேசியருடன் நடந்த பதினான்கு சுற்றுச் சண்டையும் அதே வழியில்தான் சென்றது.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. 1977 செப்டம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எர்னி ஷேவர்ஸுடன் பதினைந்து சுற்றுகள் மோதி அலி வென்றார். அந்தச் சண்டைக்குப் பிறகு, அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டிய பரிசோதனை முடிவின் நகல்களை அலிக்கும் அவருக்கு நெருக்கமானவர்களுக்கும் அனுப்பிவைத்தார். ஒருவரிடமிருந்தும் பதில் வரவில்லை. பச்சேகோ அந்தக் குழுவிலிருந்து விலகினார். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சண்டைகளை ஏற்பாடு செய்துவந்த டெடி பிரெனர், இனி அலிக்கு அங்கே சண்டை கிடையாது என்று பகிரங்கமாகவே அறிவித்தார். குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் தொடர்ச்சியான அடிகள் ஏற்படுத்தும் பாதிப்பைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே எழுதியிருந்தார். ஆகவே அறியாமை என்று இதைச் சொல்ல முடியாது.

1978 பிப்ரவரியில், ஏழு தொழில்முறைச் சண்டைகளை மட்டுமே பார்த்திருந்த லியான் ஸ்பிங்க்ஸிடம் அலி தோற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் மறுமோதலில் வென்று, மூன்றாவது முறையாக உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். விட்டுச் செல்வதற்கு அதைவிடச் சிறந்த தருணம் அமைந்திருக்க முடியாது. 1979இல் ஓய்வையும் அறிவித்தார்.

ஓய்வில் இருந்த அந்தக் காலத்தில்தான், 1980இன் தொடக்கத்தில், அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில், முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில், முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஒன்றில் அவர் பங்கேற்றார். காட்சிச் சண்டையில் யாரும் உண்மையாகக் குத்துவதில்லை. கூட்டம் மட்டும் உண்மையான கூட்டம். குத்துச்சண்டை மீது தீராத பற்று கொண்ட வட சென்னை உள்ள ஊர் இது. இங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இங்கு மட்டும் அல்ல, உலகில் எங்கு போனாலும் அவருக்கு அதுவே கிடைத்தது. ஓய்வுபெற்ற மனிதருக்குத் தினமும் இப்படி ஓர் ஆரவாரம் காதில் விழுந்தால், தாம் இழந்தது எது என்பதை அது நினைவூட்டுமா, எதையுமே இழக்கவில்லை என்று நம்பவைக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, லாஸ் வேகாஸில், சீசர்ஸ் பேலஸ் விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில் எழுப்பப்பட்ட தற்காலிக அரங்கில், உலக சாம்பியன் லாரி ஹோம்ஸை எதிர்த்து அலி மேடை ஏறினார். முன்பு அலியிடம் பயிற்சிச் சண்டைக் கூட்டாளியாகக் கூலிக்கு வேலை பார்த்தவர்தான் ஹோம்ஸ். சண்டைக்கு முந்தைய வாரங்களில் அலியைப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். பெருத்திருந்த உடல் இளைத்திருந்தது. நரைத்திருந்த முடி கறுப்பாகியிருந்தது. எடை பார்த்தபோது தராசு 217½ பவுண்டு காட்டியது. கின்ஷாசாவில் ஃபோர்மேனை வீழ்த்திய இரவில் இருந்த எடைக்கும் இதற்கும் ஒரு பவுண்டுதான் வித்தியாசம். கண்ணாடியில் தெரிந்தவர் ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய அலி. ஆனால் முடிக்குச் சாயம் பூசப்பட்டிருந்தது. எடை குறைந்ததில் தைராய்டு மாத்திரைகளுக்கும் பங்கு இருந்தது. அந்த மாத்திரைகள் உடலின் நீரையும் தெம்பையும் சேர்த்தே உறிஞ்சிவிட்டிருந்தன.

வீரர் அடையாளம் என்ற கருத்தை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் இந்த எடைத் தராசைத்தான் காட்டுவேன். உடல் என்ன சொல்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, நினைவில் இருக்கும் உருவத்துக்கு உடலைப் பொருத்திக்காட்டும் முயற்சி அது. பத்துச் சுற்றுகள் சண்டை நடந்தது. மூன்று நடுவர்களின் அட்டைகளிலும் ஒரு சுற்றுக்கூட அலிக்கு விழவில்லை. பத்தாவது சுற்று முடிந்ததும் அவருடைய மூலையில் ஒரு தகராறு நடந்தது. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தச் சொன்னார். நெடுநாள் துணைவர் பண்டினி பிரவுன் இன்னும் ஒரு சுற்றுக்காக மன்றாடினார். டண்டீயின் சொல்தான் எடுபட்டது. அலியின் வாழ்நாளில் சண்டை இப்படிப் பாதியில் நிறுத்தப்பட்டு அவர் தோற்றது அந்த ஒரு முறைதான். ஜெயித்த ஹோம்ஸ் அன்றிரவு அழுதார்.

அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் உரிமம் கிடைப்பது கடினமாகிவிட்ட நிலையில், 1981 டிசம்பர் 11 அன்று பஹாமாஸின் நாசாவ் நகரில் டிரெவர் பெர்பிக்குடன் பத்துச் சுற்றுச் சண்டை ஏற்பாடாயிற்று. ஏற்பாடுகள் அத்தனை மோசமாக இருந்ததால் சுற்று மணிக்குப் பதிலாக மாட்டுக்குக் கட்டும் மணியை அடித்தார்கள். அலி புள்ளிக்கணக்கில் தோற்று, அத்தோடு நிறுத்திக்கொண்டார். மொத்தம் 61 சண்டைகளில் அவர் தோற்றவை ஐந்து. அவற்றில் மூன்று கடைசி நான்கு சண்டைகளுக்குள் வந்தவை. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் பாதிப்பு இருப்பது கண்டறியப்பட்டது. கடைசிச் சண்டைகளில் வாங்கிய அடிகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அந்த அடிகளால் நன்மை விளைந்தது என்று மட்டும் எவரும் வாதிட்டதில்லை.

இத்தனையையும் அலியின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீரர் அடையாளம் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருப்பதில்லை. அவரை நம்பிச் சம்பளம் வாங்குபவர்கள், போட்டியை விற்பவர்கள், சீட்டு வாங்குபவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அதைக் கட்டிக்காக்கிறார்கள். அலியைச் சுற்றி எப்போதும் ஒரு பெருங்கூட்டம் இருந்தது. அவர் சண்டையிட்டால்தான் அந்தக் கூட்டத்துக்கு வேலை. ‘நீங்கள் பழைய அலிதான்’ என்று சொல்வதில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆதாயம் இருந்தது. பச்சேகோவின் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில் ஒருவருக்கும் ஆதாயம் இல்லை. உளவியலாளர்கள் வீரரிடம் மட்டும் வினாப்பட்டியலைக் கொடுப்பது போதாது, அவருடைய மேலாளரிடமும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று சில வேளை தோன்றும்.

பணம்தான் முழுக் காரணம் என்ற இடங்களும் உண்டு. 1937 முதல் 1949 வரை உலகப் பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்து 25 முறை தற்காத்த ஜோ லூயிஸ், ஓய்வுபெற்ற மறு ஆண்டே திரும்பி வந்தார். போர்க்காலத்தில் சில சண்டைகளின் வருவாயை ராணுவ, கடற்படை நிவாரண நிதிக்கே கொடுத்தவரிடம், வருமான வரித்துறை பெருந்தொகையை நிலுவையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. 1951 அக்டோபரில், முப்பத்தேழு வயதான அவரை ராக்கி மார்சியானோ எட்டாவது சுற்றில் கயிற்றுக்கு வெளியே விழும்படி அடித்து வீழ்த்தினார். பின்னாளில் லூயிஸ் மல்யுத்தக் காட்சிகளில் தோன்றினார். சீசர்ஸ் பேலஸில் விருந்தினர்களை வரவேற்றுக் கைகுலுக்கும் பணியில் இருந்தார். அவரை வீழ்த்திய மார்சியானோவோ, 49 சண்டைகளில் ஒன்றுகூடத் தோற்காமல் 1956இல் ஓய்வை அறிவித்துவிட்டார். முதியவரை வீழ்த்திய அந்த இரவு அவர் முடிவில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

சாதனை எண்கள் இன்னொரு கொக்கி. நம் நாட்டுக் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது கபில்தேவின் வழியாக நன்கு பழக்கமானது. ரிச்சர்ட் ஹாட்லியின் 431 டெஸ்ட் விக்கெட்டுகளைத் தாண்டுவதற்காக, வேகம் குறைந்துவிட்ட கபில் தொடர்ந்து பந்துவீசிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், ஜவகல் ஸ்ரீநாத் போன்ற இளம் வேகப்பந்து வீச்சாளர் வாய்ப்புக்காக வெளியே காத்திருந்தார். 1994 பிப்ரவரி 8 அன்று ஆமதாபாதில் 432ஆவது விக்கெட் விழுந்தது, நாடே கொண்டாடியது. 434இல் கபில் நிறுத்திக்கொண்டார். அந்த மாதங்களில் அவர் விலக வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் எண்ணைத் தொடும் வரை பொறுத்திருந்த நாமும் அந்தத் தாமதத்தில் பங்காளிகளே.

வயதுக்கும் இந்த அடையாளத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடனின் டென்னிஸ் வீரர் பியோர்ன் போர்க், ஐந்து முறை தொடர்ந்து விம்பிள்டன் வென்றவர், இருபத்தாறு வயதிலேயே ஓய்வை அறிவித்தவர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1991இல், மான்டே கார்லோவில் அவர் மீண்டும் களமிறங்கினார். உலகம் முழுவதும் கிராஃபைட் மட்டைகளுக்கு மாறிவிட்ட காலத்தில், அவர் கையில் இருந்தது பழைய மரமட்டை. ஜோர்டி அரேஸ் என்ற ஸ்பெயின் வீரரிடம் 2–6, 3–6 என்று தோற்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மட்டையை மாற்றிப் பார்த்தும் தொழில்முறைச் சுற்றில் ஓர் ஆட்டத்திலும் அவர் வெல்லவில்லை. மிக இளம் வயதில் ஒரே பாதையைத் தேர்ந்துகொண்டு, வேறு பாதைகளை எட்டிக்கூடப் பாராமல் வளர்பவர்களின் நிலையை, ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1960களிலேயே விவரித்திருந்தார். அப்படிப்பட்டவர் விளையாட்டை விடும்போது ஒரு வேலையை இழப்பதில்லை. தாம் யார் என்ற கேள்வியை, மற்றவர்கள் பதினெட்டு வயதில் சந்திக்கும் அந்தக் கேள்வியை, முதல்முறையாகச் சந்திக்கிறார். அதற்கு விடை தெரியாதபோது தெரிந்த இடத்துக்கே திரும்புவது இயல்புதான்.

அப்படியானால் எல்லா மறுவருகையும் பழம்பெருமையைப் பற்றிக்கொள்வதுதானா? இல்லை. அலியிடம் கின்ஷாசாவில் தோற்ற ஜார்ஜ் ஃபோர்மேனே இதற்கு மறுப்பு. 1977இல் குத்துச்சண்டையை விட்டு, ஹியூஸ்டனில் மத போதகராகப் பத்து ஆண்டுகள் வாழ்ந்து, அங்கே தாம் தொடங்கிய இளைஞர் மையத்துக்குப் பணம் தேவைப்பட்டதால் 1987இல் அவர் திரும்பி வந்தார். பெருத்த உடலையும் மொட்டைத் தலையையும் பற்றி அவரே கேலி பேசினார். 1994 நவம்பர் 5 அன்று, நாற்பத்தைந்து வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் ஒரே குத்தில் சாய்த்து உலகப் பட்டத்தை மீண்டும் வென்றார். அன்று அவர் அணிந்திருந்தது கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்புக் கால்சட்டை. மூலையில் நின்றவர் அதே ஏஞ்சலோ டண்டீ. பார்ப்பதற்குப் பழைய காலத்தை மீட்டெடுக்கும் ஆசை போலவே இருக்கும். ஆனால் தோற்றிருந்தால் மறுநாள் போய் நிற்க அவருக்கு ஒரு பிரசங்க மேடை இருந்தது. இளம் வயதில் முறைத்துப் பார்த்து எல்லோரையும் அச்சுறுத்தியவர், திரும்பி வந்தபோது வேறு மனிதராக வந்தார். அந்த வெற்றிக்குக் கெட்ட பின்விளைவும் உண்டு. அதற்குப் பிறகு மறுவருகைக்கு ஆசைப்பட்ட ஒவ்வொரு மூத்த வீரருக்கும் ‘ஃபோர்மேன் செய்யவில்லையா?’ என்ற ஆயத்தப் பதில் கிடைத்துவிட்டது.

இந்தப் பதிலை விலைக்கு விற்கவும் ஆள் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 15 அன்று டெக்சாஸின் ஆர்லிங்டனில், ஐம்பத்தெட்டு வயதான மைக் டைசனும் இருபத்தேழு வயதான ஜேக் பாலும் மோதினார்கள். சுற்றுக்கு மூன்று நிமிடம் என்ற வழக்கத்தை விட்டு இரண்டு நிமிடமாக்கி, கையுறையின் கனத்தையும் கூட்டி, எட்டுச் சுற்றுகளை நடத்தினார்கள். முதல் இரண்டு சுற்றுகளுக்குப் பின் டைசனின் கால்கள் நகரவில்லை. நெட்ஃபிளிக்ஸில் அதைப் பார்த்த கோடிக்கணக்கானோர் தேடியது 1988ஆம் ஆண்டின் டைசனை. கடந்த காலத்தைப் பற்றிக்கொண்டிருந்தது மேடையில் இருந்தவரா, திரைக்கு முன்னால் இருந்தவர்களா என்று கேட்டால், பின்னவர்களே அதிகம் என்று சொல்வேன்.

விளையாட்டு உளவியலாளர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்பது சுருக்கமான செய்திதான். தாமே நாள் குறித்து விலகுபவர்கள், காயத்தாலோ அணியிலிருந்து நீக்கப்பட்டதாலோ விலக நேர்ந்தவர்களைவிட எளிதாகப் புதிய வாழ்க்கைக்குப் பழகுகிறார்கள் என்பதில் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. ஆகவே ஓய்வை ஒரு நாளின் நிகழ்ச்சியாகக் கருதாமல், விளையாடிக்கொண்டிருக்கும்போதே படிப்பு, தொழில், குடும்பம் என்று வேறு பாத்திரங்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறார்கள். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவும் 2005 முதல் வீரர்களின் பிற்காலத் தொழிலுக்கான திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. நல்ல யோசனைகள்தாம். பயிற்சியாளர்கள் இவற்றை அவ்வளவு விரும்புவதில்லை. கவனம் சிதறும் என்பது அவர்கள் அச்சம். அடையாளம் குறுகி இருந்தால்தான் பதக்கம் வரும் என்று நம்புபவர்களிடம், அதை விரிக்கச் சொல்லிக் கேட்பது எளிதல்ல.

வேறு தொழில் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அலியை வீழ்த்திவிட்டு அழுத லாரி ஹோம்ஸ், சேர்த்த பணத்தைப் பென்சில்வேனியாவில் தாம் வளர்ந்த ஈஸ்டன் நகரில் கட்டடங்களிலும் வணிகத்திலும் போட்டுச் செல்வந்தராக வாழ்ந்தவர். வயதான சாம்பியனுக்கு என்ன நேரும் என்பதை அவரைவிட அருகில் நின்று பார்த்தவர் எவரும் இல்லை. அந்த ஹோம்ஸும் ஓய்வை அறிவித்துவிட்டுத் திரும்பி வந்து, 1988 ஜனவரியில் இளம் டைசனிடம் நான்காவது சுற்றில் வீழ்ந்தார். பிறகு மீண்டும் விலகி, 1991இல் மீண்டும் வந்து, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயது வரை சண்டையிட்டார். கடைசியாக அவர் மேடை ஏறியது 2002 ஜூலையில், ஐம்பத்திரண்டு வயதில். ‘பட்டர்பீன்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட, தம்மைவிட மிகப் பெருத்த ஓர் எதிராளியைப் பத்துச் சுற்றுகளில் புள்ளிக்கணக்கில் வென்றுவிட்டு, தம் விருப்பப்படி அவர் நிறுத்திக்கொண்டார்.